நுரையீரல் தொற்றும் அறுவைச் சிகிச்சையும்: குமரி மாவட்டத்திலிருந்து ஒரு வரலாற்றுப் பார்வை

நுரையீரலில் காசநோய், சீழ், பூஞ்சைத் தொற்று ஆகியவை முற்றும்போது அறுவைச் சிகிச்சை எந்த அளவுக்கு உதவும் என்ற கேள்விக்கு மருத்துவம் கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் பலமுறை விடையை மாற்றிக்கொண்டுள்ளது. மருந்தில்லாத காலத்தில் அறுவையே கடைசி நம்பிக்கையாக இருந்தது. 1950-களில் காசநோய் மருந்துகள் பரவியதும் அதன் தேவை வேகமாகக் குறைந்தது. நீரிழிவு, எச்.ஐ.வி., புற்றுநோய்ச் சிகிச்சை, உறுப்பு மாற்று ஆகியவற்றால் நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்கள் பெருகிய பிறகு அது மீண்டும் தேவைப்படுகிறது. ஆனால் இம்முறை அறுவை மிகத் தேவைப்படுபவரே அதைத் தாங்கும் வலு குறைந்தவராகவும் இருக்கிறார். இந்த மாற்றங்களை நாஞ்சில் நாட்டை உள்ளடக்கிய குமரி மாவட்டத்தின் மருத்துவ வரலாற்றை ஒட்டிப் புரிந்துகொள்ள முடியும்.

நெய்யூர்

குமரிப் பகுதியில் மேலை மருத்துவம் கிறிஸ்தவ மிஷன்கள் வழியாக வேரூன்றியது. அப்போது இப்பகுதி திருவிதாங்கூர் அரசின் கீழ் இருந்தது. லண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த ஆர்ச்சிபால்ட் ராம்சே 1838-ல் நெய்யூரில் மருத்துவப் பணியைத் தொடங்கினார். இடைவெளிகளுக்குப் பின் 1861-ல் வந்த ஜான் லோ உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவம் கற்பித்து, கிளை மருந்தகங்களுக்கு வழிவகுத்தார். நாகர்கோயிலில் 1893-ல் சால்வேஷன் ஆர்மியைச் சேர்ந்த ஹாரி ஆண்ட்ரூஸ் சிறிய அளவில் தொடங்கிய மருத்துவ உதவி, பெர்சி டர்னரின் வருகைக்குப் பின் காதரின் பூத் மருத்துவமனையாக வளர்ந்தது.

நெய்யூரை அறுவைச் சிகிச்சைக்குப் புகழ்பெற்ற இடமாக்கியவர் தியடோர் ஹோவர்ட் சாமர்வெல் (ஏப்ரல் 16, 1890 – ஜனவரி 23, 1975). முதல் உலகப்போரில் பிரான்சில் ராணுவ மருத்துவராகப் பணியாற்றியவர். சோம் போரில் காயம்பட்டவர்கள் அறுவைக்காக வெட்டவெளியில் வரிசையாகப் படுத்துக் காத்திருந்ததைக் கண்டவர். 1922-ல் எவரெஸ்ட் ஏறச் சென்ற குழுவில் இடம்பெற்றார். அப்பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றிப்பார்க்கும்போது நெய்யூருக்கு வந்தார். ஒரே ஒரு அறுவை மருத்துவர் பெருங்கூட்டத்தின் நடுவே திணறுவதைப் பார்த்தார். லண்டனில் காத்திருந்த உயர்பதவி வாய்ப்பை விட்டுவிட்டு நெய்யூரிலேயே பணியாற்ற முடிவு செய்தார். ஜெயமோகனின் 'ஓலைச்சிலுவை' என்ற சிறுகதையில் வரும் சாமர்வெல் இவரே.

சாமர்வெல்லின் வாழ்க்கையில் மூச்சோடு தொடர்புடைய ஒரு நிகழ்ச்சி உண்டு. 1924-ல் மீண்டும் எவரெஸ்ட் சென்றபோது, ஜூன் 4 அன்று எட்வர்ட் நார்ட்டனுடன் ஏறத்தாழ 28,000 அடி உயரம்வரை ஆக்சிஜன் உருளை இல்லாமல் ஏறினார். இறங்கும் வழியில் அவருடைய தொண்டையை ஏதோ அடைத்துக்கொண்டது. மூச்சு முற்றிலும் நின்றது. முன்னால் சென்றுகொண்டிருந்த நார்ட்டனைக் கூப்பிடவும் குரல் எழவில்லை. பனியில் உட்கார்ந்தவர் கடைசி முயற்சியாக இரு கைகளாலும் தன் மார்பை ஓங்கி அழுத்தினார். அடைப்பு ரத்தத்துடன் வெளியே வந்து விழுந்தது. குளிரில் உறைந்து உரிந்த குரல்வளையின் உட்சவ்வு அது.

நெய்யூரில் சாமர்வெல்லும் அவருடைய சகாக்களும் செய்த அறுவைகளில் வயிற்று அறுவைகள் மிகுதி. திருவிதாங்கூரில் சிறுகுடற்புண் மிகப் பரவலாக இருந்தது. சாமர்வெல்லும் ஐயன் ஓரும் அதைப்பற்றி பிரிட்டிஷ் அறுவை மருத்துவ இதழில் எழுதினர். வெற்றிலையும் புகையிலையும் மெல்பவர்களுக்கு வரும் வாய்ப்புற்றுநோய் பற்றி ஓர் 1933-ல் எழுதிய கட்டுரை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. வயிறு, கழுத்து, கன்னம், கை கால் என உடலின் பெரும்பகுதி அவர்களுடைய கத்திக்கு எட்டியது. அந்தக் காலத்தில் உலகெங்கும் அறுவை மருத்துவர்கள் தயங்கி நின்ற இடம் நெஞ்சுக்கூடு.

நெஞ்சைத் திறப்பதில் இருந்த தடை

நுரையீரல் தன் வலுவில் விரிவதில்லை. நெஞ்சுக்கூட்டின் உட்சுவருக்கும் நுரையீரலுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் காற்றழுத்தம் வெளியே இருப்பதைவிடக் குறைவு. அந்த இழுவிசைதான் நுரையீரலை விரித்து வைத்திருக்கிறது. விலாவுக்கு நடுவே துளை விழுந்தால் வெளிக்காற்று உள்ளே புகும், நுரையீரல் பலூன்போலச் சுருங்கிவிடும். வயிற்றைத் திறப்பதற்கு முதுகுத்தண்டில் போடும் மயக்க மருந்தோ ஈதரோ போதும். நெஞ்சைத் திறந்தால் நோயாளி மேசையிலேயே மூச்சுத் திணறி இறப்பார்.

ஜெர்மானிய மருத்துவரான பெர்டினாண்ட் சவர்புரூக் 1904-ல் இதற்கு விசித்திரமான ஒரு தீர்வைக் கண்டார். நோயாளியின் தலை மட்டும் வெளியே இருக்க, உடலும் மருத்துவர்களும் காற்றழுத்தம் குறைக்கப்பட்ட ஓர் அறைக்குள் இருக்கவேண்டும். அறை பெரியது, உள்ளே வெக்கை தாளமுடியாது. மூச்சுக்குழாய்க்குள் குழாய் செலுத்தி, காற்றை அழுத்தி ஊதும் எளிய முறை வந்ததும் அந்த அறை வழக்கொழிந்தது. 1920-களின் இறுதியில் குழாயைச் சுற்றிக் காற்றுக் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையமும் வந்தது. நெஞ்சு அறுவையின் வளர்ச்சியில் பெரும்பங்கு மயக்கவியலுடையது. அறுவை மருத்துவர்களின் பெயர் நினைவில் நின்ற அளவுக்கு மயக்கவியலாளர்களின் பெயர் நிற்கவில்லை.

அறுவையின் நேரம் பற்றிய ஒரு பாடத்தை 1918 கற்றுத்தந்தது. அமெரிக்க ராணுவ முகாம்களில் தட்டம்மையும் இன்புளூயன்சாவும் தாக்கிய வீரர்களுக்கு நிமோனியா வந்து, நெஞ்சறையில் சீழ் கட்டியது. சீழ் கண்டால் உடனே கீறு என்பது அறுவை மருத்துவத்தின் மிகப்பழைய விதி. அந்த விதிப்படி விலாவை வெட்டிச் சீழை வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 30 விழுக்காட்டினர் இறந்தனர். இதை ஆராய அமைத்த குழுவில் இருந்த எவார்ட்ஸ் கிரஹாம் காரணத்தைக் கண்டுபிடித்தார். தொடக்கநாட்களில் சீழ் நீர்போல இருக்கும். நுரையீரல் நெஞ்சுச்சுவரோடு இன்னும் ஒட்டியிருக்காது. அப்போது திறந்தால் காற்று புகுந்து மூச்சு நின்றுபோகும். ஊசியால் உறிஞ்சி எடுத்துக்கொண்டு, நோயாளியைத் தேற்றி, சீழ் கெட்டியாகி அதைச் சுற்றி உடல் தானே ஒரு சுவர் கட்டும்வரை பொறுத்திருந்து பிறகு திறக்கவேண்டும் என்றார். அவ்வாறு செய்ததும் இறப்பு 5 விழுக்காட்டுக்கும் கீழே வந்தது. இதே கிரஹாம் 1933-ல் புற்றுநோய்க்காக ஒரு பக்க நுரையீரலை முழுமையாக வெட்டி நீக்கி வெற்றிகண்டார்.

உடல் கட்டிய சுவர் எங்கே இருக்கிறதோ அங்கேதான் கத்தி வேலை செய்யமுடியும் என்பது இதன் பொருள். எதிர்ப்பாற்றல் குன்றியவர்களின் அறுவையைப் புரிந்துகொள்வதற்கு இந்த ஓர் உண்மை அடிப்படையானது.

காசநோய்: நுரையீரலுக்கு ஓய்வு

தமிழில் சயம், எலும்புருக்கி என்றெல்லாம் அழைக்கப்பட்ட காசநோய்க்கு இருபதாம் நூற்றாண்டின் முற்பாதிவரை மருந்தில்லை. நல்ல காற்று, உணவு, முழு ஓய்வு ஆகிய மூன்றுமே சிகிச்சை. இதற்காகவே சானடோரியங்கள் எழுந்தன. அன்றைய சென்னை மாகாணத்தில் மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரத்தில் மிஷன்கள் கூடி 1910-களில் ஒரு சானடோரியத்தை நிறுவின. டேனிஷ் மருத்துவர் கிறிஸ்டியன் ஃபிரிமாட் முல்லர் அதை நடத்தினார். தாம்பரத்தில் டேவிட் சவரிமுத்து 1928-ல் ஒன்றைத் தொடங்கினார். அவர் முன்னர் இங்கிலாந்தில் நடத்திய சானடோரியத்தில்தான் கணித மேதை ராமானுஜன் சிறிதுகாலம் சிகிச்சை பெற்றார்.

ஓய்வு என்ற கருத்திலிருந்தே காசநோய்க்கான அறுவையும் பிறந்தது. எலும்பு முறிந்த கையைக் கட்டுப்போட்டு அசையாமல் வைப்பதைப்போல நோயுற்ற நுரையீரலையும் அசையாமல் வைத்தால் என்ன? இத்தாலியரான கார்லோ ஃபோர்லானினி 1882-ல் இதை முன்வைத்தார். விலாக்களுக்கு நடுவே ஊசியைச் செலுத்திக் காற்றை ஏற்றினால் நுரையீரல் சுருங்கி ஓய்வடையும். அதில் உள்ள குழி மூடிக்கொள்ளும். ஏற்றிய காற்றை உடல் உறிஞ்சிவிடுவதால் சில வாரங்களுக்கு ஒருமுறை மீண்டும் ஏற்றவேண்டும். இப்படி ஆண்டுக்கணக்கில் நடக்கும். திறந்த நெஞ்சில் மருத்துவர்கள் அஞ்சிய அதே சுருக்கத்தை இங்கே அளவோடு சிகிச்சையாக்கினார்கள்.

நுரையீரல் நெஞ்சுச்சுவரோடு ஒட்டிப்போனவர்களுக்கு இது பயன்படவில்லை. அவர்களுக்குத் தோரக்கோபிளாஸ்டி என்ற அறுவை. ஏழெட்டு விலா எலும்புகளை இரண்டு மூன்று தவணைகளாக வெட்டி நீக்குவார்கள். நெஞ்சுச்சுவர் உள்ளே அமுங்கி நுரையீரலை நிரந்தரமாக அழுத்திவிடும். பெரும்பாலும் இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து நோயாளி விழித்திருக்கும்போதே செய்தார்கள். பிழைத்தவர்கள் ஒரு தோள் சரிந்து, ஒருபக்கம் குழிந்த மார்போடு வாழ்ந்தார்கள்.

இவை எல்லாமே உடலுக்கு உதவி செய்யும் முறைகள் மட்டுமே. கிருமியைக் கொல்வது எதுவும் இல்லை. நுரையீரல் அடங்கியபின் கிருமியைச் சுற்றிச் சுவர் கட்டி அடைப்பது உடலின் வேலை. அதற்கு உடலில் வலு வேண்டும். திருவிதாங்கூர் தனக்குத் தேவையான அரிசியின் பெரும்பகுதிக்கு வெளிநாட்டை, குறிப்பாக பர்மாவை, நம்பியிருந்தது. 1942-ல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் கடும் தட்டுப்பாடு ஏற்பட்டது. எளிய மக்கள் மரச்சீனிக்கிழங்கை உண்டு உயிர்வாழ்ந்தார்கள். கிழங்கில் மாவு உண்டு, புரதம் மிகக்குறைவு. அன்றைய எதிர்ப்பாற்றல் குறைவின் முதற்காரணம் பசிதான். நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர் என்ற சொல்லாட்சி புதிது. அந்த மனிதர் புதியவரல்ல.

நாகர்கோயிலை அடுத்த ஆசாரிப்பள்ளம் குமரி மக்களின் பேச்சில் நெடுங்காலம் காசநோய் மருத்துவமனையையே குறித்தது. குமரிப் பகுதியின் அன்றைய தலைநகரான திருவனந்தபுரத்தில் புதுமைப்பித்தன் ஜூன் 30, 1948 அன்று காசநோயால் மறைந்தார். அவருக்கு 42 வயது. முதல் காசநோய் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் அப்போது கண்டுபிடிக்கப்பட்டு ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. இந்தியாவில் அது அரிதான, விலையுயர்ந்த மருந்தாகவே இருந்தது.

வேலூர்

அடுத்த கட்டம் நுரையீரலை அழுத்துவதற்குப் பதிலாக நோயுற்ற பகுதியை வெட்டி நீக்குவது. தமிழகத்தில் இதற்கு வழிதிறந்தவர் அமெரிக்கரான ரீவ் பெட்ஸ். பாஸ்டனில் ரிச்சர்ட் ஓவர்ஹோல்ட்டின் நெஞ்சு அறுவை மையத்தில் பணியாற்றியவர். 1940-களின் இறுதியில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, நெஞ்சு அறுவைக்கென தனித்துறையை அமைத்தார். இந்தியாவில் இத்தகைய துறைகளுக்கு அது முன்னோடி. பின்னாளில் இதய அறுவையில் பெயர்பெற்ற பலர் அங்கே பயின்றனர். தென்னிந்தியாவில் இதய அறுவைக்கான பயிற்சிக்களமாக அமைந்தது காசநோய் நுரையீரல்தான். சாமர்வெல்லும் நெய்யூரில் இருபதாண்டுகளுக்கு மேல் பணியாற்றியபின் 1949-ல் வேலூருக்குச் சென்று 1961 வரை அறுவை மருத்துவம் கற்பித்தார்.

வெட்டி நீக்கும் அறுவை வெற்றிபெற மருந்தும் தேவைப்பட்டது. ஸ்ட்ரெப்டோமைசின் இல்லாமல் வெட்டினால், வெட்டிய முனையில் கிருமி பரவி மூச்சுக்குழல் பிய்ந்து சீழ் கட்டும். மருந்தின் பாதுகாப்பில் வெட்டினால் காயம் ஆறியது. அறுவையைப் பாதுகாப்பானதாக ஆக்கிய அதே மருந்துகள் சில ஆண்டுகளிலேயே அதைத் தேவையற்றதாகவும் ஆக்கின.

1952-ல் ஐசோனியசிட் என்ற மலிவான மாத்திரை வந்தது. 1956-ல் சென்னையில் காசநோய் மருந்தாய்வு மையம் தொடங்கப்பட்டது. குமரி மாவட்டம் தமிழகத்துடன் இணைந்ததும் அதே ஆண்டு நவம்பர் 1 அன்றுதான். சென்னை மையம் வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகளை இரு பிரிவாக்கியது. ஒரு பிரிவினர் ஓராண்டு சானடோரியத்தில் தங்கி மருந்துண்டனர். மற்றவர்கள் நெரிசலான தங்கள் வீடுகளிலேயே இருந்து அதே மருந்தை உண்டனர். வீட்டில் இருந்தவர்களின் உணவு மோசம், ஓய்வும் குறைவு. சானடோரியத்தில் இருந்தவர்களின் எடை நன்றாகக் கூடியது. ஆனால் சளியில் கிருமி மறைந்த விகிதத்தில் இரு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 1959-ல் வெளிவந்த இம்முடிவு உலகெங்கும் சானடோரியங்களின் முடிவைத் தொடங்கிவைத்தது. நல்ல காற்று, உணவு, ஓய்வு என்ற மும்மந்திரத்தின் இடத்தை மருந்து பிடித்தது. பசித்த உடலிலும் மருந்து தன் வேலையைச் செய்தது என்பது இந்த ஆய்வின் மிக மனிதநேயமான கண்டடைதல்.

காசநோய் அறுவைகள் அரிதாயின. எஞ்சியவை பழைய நோயின் விளைவுகளுக்கானவை. அவற்றில் முக்கியமானது பூஞ்சைப் பந்து. காசநோய் ஆறியபின் நுரையீரலில் குழி எஞ்சிவிடும். காற்றில் எங்கும் உள்ள ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சை அக்குழியில் குடியேறி உருண்டையாக வளரும். பல ஆண்டுகள் ஒரு தொல்லையும் இராது. ஒருநாள் இருமலில் ரத்தம் கொப்பளிக்கும். இறப்பு பெரும்பாலும் ரத்த இழப்பால் அல்ல, ரத்தம் மூச்சுக்குழாயை நிறைப்பதால். நுரையீரலின் அந்த மடலை வெட்டி நீக்குவதே நிலையான தீர்வு. அதைத் தாங்காதவர்களுக்குத் தொடையின் ரத்தக்குழாய் வழியாக நுண்குழாயைச் செலுத்தி, கசியும் தமனியை அடைக்கிறார்கள். 1970-களில் பிரான்சில் உருவான முறை இது.

சுவர் இல்லாத உடல்

1986-ல் சென்னையில் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று இருப்பதைக் கண்டறிந்தனர். தாம்பரம் சானடோரியம் அதன்பின் நாட்டின் மிகப்பெரிய எச்.ஐ.வி. சிகிச்சை மையங்களில் ஒன்றாயிற்று. எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்களைப் பெருமளவில் கொன்றது காசநோய். ஆனால் அது பழைய மருத்துவர்கள் அறிந்த காசநோயாக இல்லை. எதிர்ப்பாற்றல் மிகவும் குறைந்தவர்களின் எக்ஸ்ரேயில் குழிகள் அரிதாகவே தென்பட்டன. நிழல் நுரையீரல் முழுக்க விரவியிருந்தது. சிலருக்கு எக்ஸ்ரே தெளிவாகவும் சளியில் கிருமி இல்லாமலும் இருந்தது.

காசநோய்க் குழியை உருவாக்குவது கிருமி மட்டுமல்ல. கிருமியைச் சுற்றி வெள்ளையணுக்கள் திரண்டு சுவர் கட்டுகின்றன. அந்தச் சுவருக்குள் திசு இறந்து, கூழாகி, மூச்சுக்குழலில் உடைத்துக்கொண்டு வெளியேறுகிறது. எஞ்சுவது குழி. எதிர்க்கும் உடலில்தான் குழி விழும். எதிர்ப்பில்லாத உடலில் சுவரும் இல்லை, எல்லையும் இல்லை. எல்லையில்லாத நோயை வெட்டி நீக்க முடியாது. நூறாண்டுகளாக அறுவை மருத்துவர்கள் தங்கள் திறமை என்று எண்ணியதில் ஒரு பெரும்பங்கு நோயாளியின் வெள்ளையணுக்களுக்கு உரியது என்பது அப்போது தெளிவாயிற்று. எச்.ஐ.வி. உள்ளவரின் காசநோய்க்கு முதல் தேவை காசநோய் மருந்தும், எதிர்ப்பாற்றலை மீட்கும் கூட்டு மருந்துகளும்தான். 2004 ஏப்ரலில் அரசு அம்மருந்துகளை இலவசமாக வழங்கத் தொடங்கியபோது தாம்பரமும் அதில் இடம்பெற்றது.

பூஞ்சைத் தொற்றுகளில் நிலைமை வேறு. ரத்தப்புற்றுநோய்க்கு மருந்து ஏற்றும்போது வெள்ளையணுக்கள் மிகக்குறைந்துவிடும். குமரி மாவட்டத்தினர் இச்சிகிச்சைக்குப் பெரும்பாலும் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தை நாடுகிறார்கள். அந்நாட்களில் ஆஸ்பெர்ஜில்லஸ் பழைய குழியில் பந்தாக அமைந்துகொள்வதில்லை, திசுவுக்குள் நுழைந்து ரத்தக்குழாய்களைத் துளைக்கிறது. மாறாக, வெள்ளையணுக்கள் திரும்பிவரும் நாட்களில்தான் பெரும் ரத்தப்போக்கு ஏற்படும் ஆபத்து கூடுகிறது. இறந்த திசுவை உயிருள்ள திசுவிலிருந்து அவை பிரிக்கத் தொடங்குகின்றன. அப்பிரிவு ஒரு பெரிய தமனியின் அருகே நிகழ்ந்தால் அது கிழிகிறது. சி.டி. ஸ்கேனில் இறந்த திசுவைச் சுற்றிப் பிறைவடிவில் காற்று தெரிவதை மருத்துவர்கள் நல்ல சகுனமாகவும் எச்சரிக்கையாகவும் ஒருசேரப் பார்க்கிறார்கள். உடல் மீண்டும் எல்லை வகுக்கிறது, எனவே அறுவைக்கு வழியும் பிறக்கிறது.

மியூகோர்மைகோசிஸ் எனப்படும் கருப்புப் பூஞ்சை இன்னும் கடுமையானது. கட்டுப்பாடற்ற நீரிழிவு அதற்கு இந்தியாவில் முதன்மையான வாசல். இது ரத்தக்குழாய்க்குள் வளர்ந்து அதை அடைத்துவிடும். அடைபட்ட குழாய்க்கு அப்பால் உள்ள திசு ரத்தமின்றி இறக்கும். ஆம்போடெரிசின் என்ற மருந்து ரத்தத்தின் வழியாகத்தான் பயணம் செய்யவேண்டும். ரத்தமே போகாத இடத்தில் அது எப்படிச் சேரும்? இங்கே அறுவையின் நியாயம் மிக எளிது: மருந்து எட்டாத இறந்த பகுதியை நீக்கினால் மீதியை மருந்து பார்த்துக்கொள்ளும். நோய் ஒரு மடலுக்குள் நிற்கிறது என்றால் அறுவை செய்தவர்களே மருந்து மட்டும் பெற்றவர்களைவிட அதிகமாகப் பிழைக்கிறார்கள். இந்த ஒப்பீட்டில் ஒரு சிக்கல் உண்டு. அறுவையைத் தாங்குவார் என்று மருத்துவர் நம்பும் நோயாளியே மேசைக்குப் போகிறார். மிக நலிந்தவர்கள் மருந்துப் பிரிவிலேயே தங்கிவிடுகிறார்கள்.

நீரிழிவு நோயாளியின் நுரையீரலில் சீழ் கட்டும் இன்னொரு நோய் மெலியாய்டோசிஸ். மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் பாக்டீரியாவால் மழைக்காலத்தில் வருவது. இரு பருவமழைகளையும் பெறும் வயல்சூழ்ந்த மாவட்டத்தில் நீரிழிவு உள்ள ஒருவருக்குக் காசநோய்போலத் தோன்றி மருந்துக்கு அடங்காத சளி இருந்தால் இதையும் நினைவில் கொள்ளவேண்டும். ஆல்பிரட் விட்மோரும் சி.எஸ். கிருஷ்ணசாமியும் ரங்கூனில் முதன்முதலில் இந்நோயை விவரித்தது 1912-ல். அவர்கள் கண்ட நோயாளிகளில் பலர் மார்பின் பழக்கத்தால் உடல் நலிந்தவர்கள். இதற்கு நீண்டகால ஆன்டிபயாட்டிக் மருந்தே சிகிச்சை, நுரையீரலில் கத்திக்கு வேலை குறைவு.

ஆசாரிப்பள்ளம்

2001-ல் கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரி ஆசாரிப்பள்ளத்தில் தொடங்கப்பட்டது. காசநோய்க்காக ஒதுக்கப்பட்ட ஊர்ப்புறம் மாவட்டத்தின் தலைமை மருத்துவ மையமாக மாறியது. ஆயினும் நெஞ்சு அறுவை வேண்டும் சிக்கலான நோயாளிகள் மாவட்டத்தை விட்டுச் செல்வது நெடுங்காலப் பழக்கம். சென்னை 700 கிலோமீட்டர் தொலைவில் இருக்க, 70 கிலோமீட்டருக்குள் இருக்கும் திருவனந்தபுரம்தான் அவர்களுக்கு அருகில். மாநில எல்லை 1956-ல் மாறியது, நோயாளிகளின் பாதை பெரிதாக மாறவில்லை.

2021-ன் இரண்டாம் கோவிட் அலை இவ்வரலாற்றின் எல்லா இழைகளையும் ஒன்றாக முடிந்தது. கோவிட் நுரையீரலைப் புண்ணாக்கியது. உயிர்காக்கக் கொடுத்த ஸ்டீராய்டு எதிர்ப்பாற்றலைத் தணித்து, ரத்தச் சர்க்கரையை ஏற்றியது. தங்களுக்கு நீரிழிவு இருப்பதை அறியாமலிருந்தவர்களும் பலர். மே 2021-ல் தமிழக அரசு கருப்புப் பூஞ்சையைக் கட்டாயம் அறிவிக்கவேண்டிய நோயாக்கியது. ஜூலைக்குள் நாடெங்கும் 40,000-க்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டனர். பெரும்பாலும் மூக்கையும் கண்ணையும் பற்றிய நோய் அது. நுரையீரலைப் பற்றியவர்கள் குறைவு, ஆனால் அவர்களுடைய நிலை மேலும் மோசம். கோவிட்டால் ஏற்கெனவே பாதி செயலிழந்த நுரையீரலில் ஒரு மடலை வெட்டுவதா என்ற முடிவை மருத்துவர்கள் எடுக்கவேண்டியிருந்தது.

அத்தகைய முடிவில் இன்று கணக்கிடப்படுபவை பல. நோய் ஒருபக்கம் மட்டும் உள்ளதா, பெரிய ரத்தக்குழாயைத் தொடுகிறதா, சர்க்கரை அடங்கியதா, வெள்ளையணுக்களும் தட்டணுக்களும் போதிய அளவு உள்ளனவா, எஞ்சும் நுரையீரலைக்கொண்டு நோயாளி மாடிப்படி ஏறமுடியுமா என்றெல்லாம் பார்ப்பார்கள். சிறு துளைகள் வழியாகக் கேமரா செலுத்திச் செய்யும் அறுவை 1990-கள் முதல் பரவியதால் சிலருக்கு வலியும் காயமும் குறைந்தன. ஆனால் பழைய காசநோயால் நுரையீரல் ஒட்டிப்போனவர்களுக்கு இன்றும் நெஞ்சை அகலத் திறந்தே ஆகவேண்டும். அறுவைக்குப் பின்னும் பூஞ்சை மருந்து வாரக்கணக்கில் தொடரும்.

எந்தப் பெரிய அறுவையையும் தாங்காதவர்களுக்கு ஒரு பழைய முறை மிஞ்சியிருக்கிறது. சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த லியோ எலோசர் 1935-ல் காசநோய்ச் சீழுக்காக விவரித்தது. விலா எலும்பில் இரண்டு மூன்றின் சிறு துண்டுகளை மட்டும் எடுத்துவிட்டு, தோலை உள்ளே மடித்துத் தைத்து, நெஞ்சில் ஒரு சன்னல் வைப்பார்கள். சீழ் அதன்வழியே தானே வடியும். குழாயும் குப்பியும் வேண்டாம். நோயாளி வீட்டுக்குப் போகலாம். வீட்டில் ஒருவர் நாள்தோறும் உப்புநீரில் கழுவித் துணிச்சுருளை மாற்றக் கற்றுக்கொள்ளவேண்டும். உடல் தேறினால், சில மாதங்களோ ஓரிரு ஆண்டுகளோ கழித்து, முதுகுத்தசையைத் திருப்பி அந்தச் சன்னலை மூடுவார்கள். சிலருக்கு அது கடைசிவரை திறந்தே இருக்கிறது.